கீழே போடாத பைக்

அமெரிக்காவின் நெடும்பயண பைக்குகளில் முதலில் ரேடியோ வைத்தார்கள்; பிறகு இருக்கைக்குச் சூடு. அறவாழி வாங்கியது தானாகவே ஓடும். ஓட்டுபவர் தூங்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பேச அலுப்பாயிருந்தால் அவர் குரலில் வீட்டுக்குப் பதில் சொல்லும். இந்தக் கடைசி வசதியை மட்டும் அவர் மனைவி தமயந்தியிடம் சொல்லவில்லை.

மலை பார்க்கப் போனவரை அவள் டல்லாஸிலிருந்து விடாமல் கூப்பிட்டாள்.

"சாப்டீங்களா?"

"ம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

முப்பது வருடமாக அவர் பேச்சே அவ்வளவுதான். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

நான்காம் நாள் மதியம், சொன்ன நேரத்துக்கு பைக் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கையைத் தொட்டாள், கட்டையாக விறைத்திருந்தது.

"என்னங்க, நான் பேசறது கேக்குதா?"

"ம்," என்றது ஹெல்மெட்.