கொம்பியேனில் ஓர் இரவு

'காலைச் சாப்பாடு, இரண்டு பேருக்கு' என்று முடிந்திருந்தது அந்தத் தாள்.

கொரின் அதை மூன்று தரம் படித்தாள். சலவைக்குப் போட எடுத்த கணவனின் கோட்டுப் பையில், நாலாக மடிந்து கிடந்தது. எர்வேயின் கையெழுத்தேதான். குண்டு குண்டாக, ஒளித்து எழுதக்கூடத் தெரியாத மனுஷன்!

சனிக்கிழமை எட்டேகால் ரயில், கொம்பியேனுக்கு. பத்து மணிக்கு அரண்மனை. ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிக்குக் காடு. இரவு ஓட்டல், ஓர் அறை.

அவர்கள் குடியிருக்கும் அமியேனிலிருந்து கொம்பியேனுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். காலையில் போனால் ராத்திரி சூப்புக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு எதற்கு ஓட்டல்? அதுவும் அவளிடம், "ஆபீஸ் வேலையா லில் நகரத்துக்குப் போறேன், ஞாயித்துக்கிழமைதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு!

கோட்டை மோந்து பார்த்தாள். சென்ட் வாசனை இல்லை. அதனால் ஒன்றும் மனசு ஆறவில்லை. 'மூன்று மணிக்குக் காடு' என்ற வரிக்கே கண் திரும்பத் திரும்பப் போனது.

அந்தக் காடு அவர்கள் இருவருக்கு மட்டும் சொந்தம் என்றே அவள் நினைத்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக ஒவ்வோர் அக்டோபரிலும் விடிவதற்கு முன்பே அங்கே போய்விடுவார்கள். பின்னால் யாராவது வருகிற சத்தம் கேட்டால் போதும், ஒரு மரத்தடியில் ஒதுங்கிக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வந்தவர் சிரித்தபடி கடந்து போன பிறகுதான் மேலே நடப்பார்கள்.

அங்கே இப்போது இன்னொருத்தி. அதுவும் ஒரு வாரம் மழை கொட்டி ஓய்ந்த இந்தச் சனிக்கிழமை பார்த்து!

சாயங்காலம் எர்வே வந்தபோது அவள் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாடியில் மிஞ்சியிருந்த போன வருடத்துக் காய்ந்த காளானை ஊறவைத்து அதில் தூவினாள். தட்டை அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"லில்ல மழையாமே, குடை எடுத்துக்கறியா?"

"எடுத்துக்கறேன்."

"எதுக்கு? காட்டுக்குப் பூட்ஸ் போதாதா?"

எர்வேயின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. அவள் தாளைப் பிரித்து ரொட்டிக்கூடை மேல் சாய்த்து வைத்தாள்.

"யாரு அவ?"

"யாருமில்ல. சும்மா, நான் தனியா..."

"தனியாப் போறவன் ரெண்டு காலைச் சாப்பாடு சாப்பிடுவானா? உன்னை வெண்ணெய் தொடவே கூடாதுன்னிருக்காரு டாக்டர்! பேரைச் சொல்லு."

"லூதிவீன்."

"ஆஹா, பேரு நல்லாத்தான் இருக்கு. வயசு?"

"நாப்பத்தொண்ணு. ஆபீஸ்ல புதுசாச் சேர்ந்திருக்கா."

"நாப்பத்தொண்ணா! குனிஞ்சா உடனே நிமிர முடியும். என்னை மாதிரி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு முனகமாட்டா." கொரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"மூணு அண்ணன். எதுக்குக் கேக்கறே?"

"மூணா!" அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். "ஏன்யா, உனக்கு ஊர்ல வேற இடமே கிடைக்கலையா? எங்கப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன காடு அது. எங்கக்காவைக்கூட அவர் கூட்டிட்டுப் போனதில்ல. உன்னை நம்பித்தானே அங்க கூட்டிட்டுப் போனேன்?"

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. இருபத்தாறு வருடத்தில், தன் அப்பா செத்த அன்று தவிர, அவள் இப்படி அழுது எர்வே பார்த்ததில்லை. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. சமையலறைத் தரையிலேயே மண்டியிட்டான்.

"தப்புதான், கொரின். ஆறு மாசமாப் பழக்கம். மறைச்சுட்டேன். ஓட்டலை இப்பவே ரத்து பண்ணிடறேன். வீட்டை விட்டுப் போன்னு சொன்னாலும் போயிடறேன்."

"அதெல்லாம் அப்புறம். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு." அவள் குனிந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "அந்த மூணு ஓக் மரம் இருக்கே, அங்க அவளைக் கூட்டிட்டுப் போனியா?"

"ஐயோ, இல்ல. அவ இன்னும் அந்தக் காட்டையே பார்த்ததில்ல."

"சனிக்கிழமை கூட்டிட்டுப் போறதா இருந்தியா?"

"இல்லம்மா. குளக்கரை பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காரலாம்னுதான். ரோட்டை விட்டு இறங்கறதாவே இல்ல."

"உங்கம்மா தலைமேல சத்தியமா?"

"எங்கம்மா தலைமேல சத்தியமா."

கொரின் காலரை விட்டாள். மூச்சை நீளமாக இழுத்துவிட்டு, ஏப்ரனால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் தட்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"எந்திரி. ஆறிடப் போகுது, சாப்பிடு."

எர்வேக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மண்டியிட்டபடியே, "அப்போ... லூதிவீன்?" என்று முனகினான்.

"அவ கிடக்கறா! நம்ம காளான் முளைக்கற இடத்தை அவளுக்குக் காட்டிடப் போறியேன்னுல்ல பயந்துட்டேன்!"