கொய்யாத் துண்டு

வனவிலங்கு மீட்பு மையத்துக்குள் அன்றைக்கு ஒருநாள் பொதுமக்களை விட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக் கூண்டிலிருந்து மீட்கப்பட்ட கிளிக்குக் காலையிலிருந்தே படபடப்பு. மனுஷப் பேச்சில் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: "சாப்டாச்சா?"

"இன்னைக்கு மட்டும் அதைக் கேட்டுடாதே," என்றது பக்கத்துக் கூண்டு ஆந்தை. "மனுஷங்ககிட்ட பேசுற கிளியை வெளிய விட்டா மறுபடியும் யார் கையிலயாவது மாட்டிக்கும்னு டாக்டர் சொல்றார். சாயங்காலம் வரைக்கும் சும்மா இருந்தா நாளைக்கே உன்னைக் காட்டுல விட்டுடுவாங்க."

கிளி தலையாட்டியது. கூட்டம் கூட்டமாக வந்து விசிலடித்தார்கள். "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று கெஞ்சினார்கள். கிளியோ ஒரு கொய்யாத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. பகல் தூக்கத்தை விட்டுவிட்டுக் காவல் இருந்த ஆந்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். தினமும் தீனி வைக்கும் செங்கமலமும் வந்தாள். வந்தவர்களோடு கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அப்பாடா" என்று கூண்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கிளி அவள் முகத்தையே பார்த்தது. கொய்யாத் துண்டு கீழே விழுந்தது.

"சாப்டாச்சா?"

"இல்லடா தங்கம்," என்றாள் செங்கமலம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று அலறியது ஆந்தை. "அறிவிருக்கா உனக்கு?"

"அது கிடக்கட்டும்ண்ணே," என்றது கிளி. "அவ இன்னும் சாப்பிடலையாம்!"