கடைமடைக்குப் போனவள்

மடையை அடைக்க நாணல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு கட்டுக்குத்தான் இடம் பாக்கி. அப்போது என் தங்கை நின்கல்லா கரையிறங்கி வந்து அந்த இடைவெளியில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

மண்வெட்டியோடு நாங்கள் பதினோரு பேர். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு நான் தலைவன். அதனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருஷம் புரனுனா ஆறு முழங்கால் அளவுக்கு வற்றியிருந்தது. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் எங்கள் வயல்களில் பாயும். பிறகு இந்த மடை வழியாகக் கீழூருக்குப் போகும். கீழூர்தான் நின்கல்லா வாழ்க்கைப்பட்ட ஊர். மடையை அடைத்தால் அவர்களுடைய பார்லிப் பயிர் ஐந்தாறு நாளில் கருகிவிடும். அடைக்காவிட்டால் இரண்டு ஊரும் அரை வயிற்றோடு கிடக்க வேண்டும்.

முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் நான்தான் பேசினேன். ஒரு ஊராவது முழுசாகப் பிழைக்கட்டும் என்றேன். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

"எந்திரி நின்கல்லா. ஊர் கூடி எடுத்த முடிவு. நான் ஒருத்தன் மாத்த முடியாது."

"நீ ஒண்ணும் மாத்த வேணாம் அண்ணே. மண்ணைப் போடு. என் மேலயே போடு. உள்ள ஒரு ஆள் இருந்தா அணை இன்னும் கெட்டியா நிக்கும்."

ஊர்மெஸ் சிரித்தான். எங்களில் இளையவன் அவன். நின்கல்லா கல்யாணமாகிப் போனபோது அவன் கைக்குழந்தை.

"கீழூர்ல ஆம்பளைங்களே இல்லையா அக்கா? பொம்பளையை அனுப்பி வச்சிருக்காங்க?"

"நான் வந்தது அவங்களுக்குத் தெரியாதுடா. நீங்க மடையை அடைக்கிறது தெரிஞ்சா ஈட்டியோட வருவாங்க. உனக்கும் இப்பத்தானே கல்யாணம் ஆச்சு?"

அவன் சிரிப்பு நின்றது.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கிற வழியாக இல்லை. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஒவ்வொருவராக வீட்டுக்கு நழுவிவிடுவார்கள் என்று தெரிந்தது.

நானே ஒரு வெட்டு மண் அள்ளி அவள் மடியில் போட்டேன்.

அவள் அதைத் தட்டிவிடவில்லை. தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது.

இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தது. மூன்றாவது வெட்டை ஓங்கியபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் முன்மயிர் நரைத்திருந்தது. முப்பத்தொரு வயதுதான். நான் அதை அதுவரை கவனித்ததில்லை.

"அன்னைக்கு என்னை அனுப்பும்போது நீ எங்கிட்ட என்ன சொன்னேன்னு இவங்ககிட்ட ஒருதடவை சொல்லு அண்ணே. சொல்லிட்டு அப்புறம் போடு."

பத்துப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கரையில் எறிந்துவிட்டு இறங்கினேன். நாணல் கட்டுகளைப் பிடுங்கத் தொடங்கினேன். சேற்றில் ஊறிய கட்டுகள் லேசில் வரவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. பாதிக் கட்டுகள் வந்ததும் நிறுத்தினேன்.

நீர் திமிறிக்கொண்டு பாய்ந்தது. நின்கல்லா தடுமாறி எழுந்தாள்.

"வீட்டுக்கு வா. ரொட்டி தின்னுட்டுப் போ."

"நேரமாச்சு அண்ணே. அங்க தேடுவாங்க."

புதுநீர் நுரை தள்ளிக்கொண்டு கீழே ஓட, அவள் ஈரத் துணியோடு கரைமேல் அதற்கு இணையாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் இரண்டு ஊருக்கும் அரை வயிறுதான். எங்கள் பக்கம் நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒன்று ஊர்மெஸ்ஸின் தலைப்பிள்ளை. இன்றைக்கும் என்னோடு பேசாத வீடுகள் இருக்கின்றன. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவளிடம் அன்று என்ன சொன்னாய் என்று ஊர்மெஸ் பிற்பாடு ஒருமுறை கேட்டான். மறந்துவிட்டது என்றேன்.

அவன் வயதுக்காரர்களுக்கு இந்த வாய்க்கால் என்றைக்கும் இருந்ததுதான். என்கி சாமி தன் விரலால் கோடு கிழித்து உண்டாக்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அது சாமி வெட்டியதல்ல. ஆறு வற்றிய அந்த வருஷத்துக்குப் பதினெட்டு வருஷம் முன்னால் ஆற்றங்கரை எங்களிடம் இருந்தது, வெட்ட ஆள் இல்லை. கீழூரில் ஆள் இருந்தது, ஆறு இல்லை. இரண்டு கோடை அவர்கள் வந்து வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் ஒன்று கேட்டார்கள்: நாளைக்கு நீங்கள் மடையை அடைத்தால் நாங்கள் என்ன செய்வது?

எங்கள் அப்பா எல்லாச் சாமியின் பேரிலும் சத்தியம் செய்தார். அவர்களுக்கு அது போதவில்லை. அப்பாவைத் தனியே கூப்பிட்டு, நம் வீட்டுப் பெண்ணை அந்த ஊரில் கொடுத்துவிடலாம் என்று சொன்னவன் நான். அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சரி என்றார்.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. படகில் ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதற்காக என்னை அங்கே கொடுக்கிறீர்கள் என்று அழுதாள்.

"நீ அங்க இருக்கிற வரைக்கும் மடையை அடைக்க எங்களுக்குக் கை வராதும்மா" என்றேன்.