அவசரத்துக்கு அரிசி

"கனகாலம் பழுதாகாம இருக்கிற அரிசி எது, பார்கவி? உனக்குத் தெரியுமோ?"

கதவைத் தட்டிய இரஞ்சிதம் ஆன்ட்டி, பேனாவும் தாளுமாக நின்றார்.

பென்டில் ஹில்லில் ஆன்ட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளுக்குத் திருச்சிக்காரர்களான பார்கவியும் சுதர்சனும் குடிவந்து எட்டு மாதம். சுதர்சனின் ஐ.டி. ஒப்பந்த வேலை முடிந்து ஏழு வாரம். தற்காலிக விசாவில் இருந்ததால் அரசாங்க உதவியும் கிடையாது. அன்று காலை, இருந்த கடைசி மாவில் மகளுக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கு ஆன்ட்டி?"

"வெள்ளம், லொக்டவுன் எண்டு ஏதும் வந்தா கடையெல்லாம் காலியாப் போயிடும். கராஜுக்குள்ள கொஞ்சம் சாமான் சேர்த்து வைப்பம் எண்டு யோசிக்கிறன்."

"அப்போ பொன்னி புழுங்கல் வாங்குங்க. கைக்குத்தல் வேண்டாம், எண்ணெய்ப் பசையில சீக்கிரமே சிக்கு வாடை வந்துடும். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, உப்பு இதெல்லாம் நாள்பட இருக்கும். விலையும் கம்மி. இறுக்கமா மூடுற வாளியில போட்டு, நாலு காய்ஞ்ச மிளகாய் போட்டு வைங்க. வண்டு வராது."

ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்ட ஆன்ட்டி, போகாமல் தயங்கினார்.

"ஒரு கரைச்சல் இருக்கு, பிள்ளை. மாசாமாசம் பழசை எடுத்துப்போட்டுப் புதுசு வைக்கவேணுமாம். எடுக்கிறதைக் கொட்ட எனக்கு மனம் வராது. நீ எடுத்தியெண்டா எனக்குப் பெரிய உதவி."

ஒரு மாதத்தில் அரிசி பழசாகாது என்று பார்கவிக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. "சரி ஆன்ட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஆன்ட்டி வாளிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாங்ஸ் பிள்ளை" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார். உலை கொதிக்கும்போதெல்லாம் பார்கவி அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். கூடவே, ஒரு வெள்ளை மனசை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு குத்தும்.

ஆறாவது மாதம் சுதர்சனுக்குப் பரமட்டாவில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்றே பார்கவி இருபது கிலோ பொன்னி மூட்டையை இழுத்துக்கொண்டு போய் முன்வீட்டு மணியை அடித்தாள். ஆன்ட்டி கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய கணவர் வரதராஜா அங்கிள்தான் கதவைத் திறந்தார்.

"அங்கிள், ஆன்ட்டிகிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அரிசி ஒரு மாசத்துல பழசாகாது. தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு வாங்கிச் சாப்பிட்டோம். நீங்க செஞ்சதை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டோம். இனிமே கராஜுல இருக்கற வாளியெல்லாம் நான் நிரப்பித் தர்றேன்." மூட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அங்கிள் மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்கு எதுக்குப் பிள்ளை அரிசி? ரெண்டு பேருக்கும் ரத்தத்தில சீனி கூடின வருத்தம், இந்த வீட்டில சோறு சமைச்சே மூண்டு வருஷம். நீ உங்கட வீட்டுக்கு எண்டு சொல்லிவிட்ட சாமான் எண்டு சொல்லித்தானே அவ என்னை மாசாமாசம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறவ?"