கால் மட்டும் கலங்கலாக

“இதுல அசைவே இல்லையே தம்பி!” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள் அந்த அம்மாள்.

ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. படம் ஆடிவிட்டது என்று சண்டைக்கு வருபவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

“உங்க வீட்டுக்காரர் பளிச்சுனு இருக்காரேம்மா?”

“முகம் பளிச்சுனு இருக்கட்டும். கால் மட்டும் கலங்கலா வேணும்.”

ஸ்டூடியோக்காரர் பெருமூச்சு விட்டார். ஷட்டரை மெதுவாக்கினால் நடக்கிற கால் கோடாக இழுபடும். கூடவே ஃப்ளாஷ் அடித்தால் முகம் தெளிவாக விழும்.

“சார், இன்னொரு தடவை நடங்க.”

கணவர் ஆறாவது தடவையாக, சலிக்காமல், சொல்லப்போனால் சந்தோஷமாகவே நடந்தார்.

இந்த முறை முகம் செதுக்கி வைத்தது போல விழுந்தது. கால்கள் புகையாக இழுபட்டிருந்தன. படத்தைப் பார்த்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“யாருக்கும்மா இந்தப் படம்?” என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

“டாக்டருக்கு. இவர் இனிமே எழுந்து நடக்கவே மாட்டார்னு கையை விரிச்சவர். முதல்ல எடுத்த படத்தை அனுப்பினா, நாலு பேர் புடிச்சு நிக்க வெச்சு எடுத்தோம்னு சொல்லிடுவார்!”