நாலரைக்குள் டோக்கன்

“அங்கணம், அதாவது முப்பத்தாறு சதுரடி, நாப்பதாயிரம். ஒரு ரூபா கொறையாது சார்,” என்றார் புரோக்கர் பவன்குமார்.

ரேணிகுண்டா தாண்டிய லேஅவுட்டில் அந்த இளம் தம்பதி மனை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முப்பதுன்னா இப்பவே டோக்கன் அட்வான்ஸ்,” என்றார் கணவர். பேசி வைத்தபடி மனைவி காவ்யா முகம் சுளித்தாள்: “வேணாங்க, ரொம்ப தூரம்.”

இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். சற்றுத் தள்ளி நின்றிருந்த நான் பவனிடம் பணக்கட்டை நீட்டினேன்.

“நாப்பதுக்கே எனக்குக் குடு பவன். நாலரைக்கு ராவு காலம் வந்துடும், சீக்கிரம் எழுது.”

கணவர் திரும்பி ஓடி வந்தார். “மொதல்ல வந்தது நாங்க சார்!”

நாலரைக்குள் நாற்பதுக்கே பவனிடம் டோக்கன் கொடுத்தார்.

கார் மறைந்ததும் பணக்கட்டைப் பவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் பணம்தான்.

“ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம வந்துக்கினு இருக்கேன். நான் மாட்டிக்கினு முழிக்கிற என் மனைய எப்பப்பா வித்துத் தருவே?”

“அவசரப்பட்டா எப்படிண்ணா? அன்னிக்கு இதே மாதிரி பணத்தக் காட்டி உங்கள வாங்க வெச்சாரே ரங்கையா, அவர் மனையே இன்னும் விக்கல. அவருக்கு அப்புறந்தான் நீங்க.”