பச்சை எரியுதே

“நாப்பத்தொரு தடவைங்க! ஒரு தலகாணியை நகர்த்தி வைக்க நாப்பத்தொரு தடவை அமுக்கியிருக்கார் உங்கப்பா…”

“அமுக்கினது அவர் தப்பில்லை, அந்தப் பட்டன்…”

“பட்டனுக்கு வக்காலத்து வாங்காதீங்க! முதல் மணிக்கே நான் எழுந்துட்டேன். படி இறங்குறதுக்குள்ள மிச்சம் நாப்பதும் என் காதுலதான் அடிச்சுது. ஒருநாள் இல்லை ஒருநாள் எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது, பாத்துக்கிட்டே இருங்க.”

மருமகள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. நடுவில் ஃபோன் அடித்தால் ஒரு வரி போயிற்று என்று அர்த்தம்.

கீழ் அறையில் மாமனார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது; குரலும் கட்டிலைத் தாண்டாது. வெப்சைட் வடிவமைக்கிற மகன்தான் அவருடைய டேப்லெட்டில் ஒரு பக்கம் செய்து, நடுவில் ‘கூப்பிடு’ என்று ஒரே ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தான். அதை அமுக்கினால் மாடியில் மருமகள் ஃபோனில் மணி அடிக்கும்.

“நீ கொஞ்சம் அவர் இடத்துல படுத்துப் பாரு,” என்றான் அவன் சாந்தமாக. “அமுக்குறார். பட்டன் அசையலை, நிறம் மாறலை, அது பாட்டுக்குக் கிடக்கு. போச்சா போகலையான்னு அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், சுவத்தோட பேசுற மாதிரி இருக்காதா?”

இந்த மனுஷனுக்கு இருக்கிற இரக்கம் நமக்கு இல்லையே என்று அவள் கூசினாள்.

இருவரும் கீழே போய்ச் சொன்னதும் மாமனார் குழறிக் குழறிச் சிரித்தார். ஒரே கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர்.

“எனக்கேவா பட்டன் கதை சொல்றீங்க? லிஃப்ட் ரிப்பேராகி நின்னாலும், பட்டன்ல விளக்கு எரிஞ்சாப் போதும், சனங்க பேசாம நிப்பாங்க. அந்தப் பல்பு போயிட்டா, லிஃப்ட் வந்துக்கிட்டே இருந்தாலும் குத்து குத்துன்னு குத்துவாங்க. இப்ப நான் குத்துறேன்.”

“சரியாச் சொன்னீங்கப்பா,” என்றான் மகன்.

மறுநாளே புதுப் பட்டன் வந்துவிட்டது. தொட்டால் நிஜப் பட்டன் போல உள்ளே அழுந்தியது. சின்ன வட்டம் ஒன்று சுழன்றது. பிறகு எல்லாம் பச்சையாகி ஒரு டிக் விழுந்தது. அதன் அடியில், ‘வந்துகொண்டிருக்கிறோம்.’

ஃபோனை மாடியில் விட்டுவிட்டு மருமகளும் வந்து வேடிக்கை பார்த்தாள். மாமனார் நாலு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“எம்புள்ளை எனக்குன்னு தனி லிஃப்ட்டே கட்டிட்டான்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

அதன்பிறகு மூன்று நாளாக மணிச் சத்தமே இல்லை. மருமகள் தன் தங்கையிடம் ஃபோனில் பீற்றிக்கொண்டாள்: “நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, துணி மாத்துறது, அவ்வளவுதான். நடுவுல ஒரு தொந்தரவு இல்லை. பதினாலு வருஷத்துல முதல் தடவையா இவர் படிச்ச படிப்பு வீட்டுக்கு உதவியிருக்குடி!”

நான்காம் நாள், நாலு மணி மாத்திரையோடு போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

தண்ணீர்ப் பாட்டில் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. சட்டை, போர்வை, மெத்தை எல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தன. மேலே மின்விசிறி முழு வேகத்தில். உதடு நீலம் பாய்ந்து மாமனார் வெடவெடத்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் சளி கட்டினால் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“ஐயோ மாமா! எப்பக் கொட்டுச்சு?”

“நீ சாப்பாடு குடுத்துட்டுப் போன கையோட.”

“மூணு மணி நேரமாவா? ஏன் மறுபடி அமுக்கலை?”

“எதுக்கும்மா? அதான் பச்சை எரியுதே.” பல் தந்தியடித்தது. “நேத்தும் லேட்டாத்தான் வந்தே, முந்தாநாளும் அப்படித்தான். உனக்கு என்ன வேலையோ. நீ வந்துக்கிட்டுதானேம்மா இருந்தே?”

அவள் துணி மாற்றினாள். இருந்த கம்பளியெல்லாம் போர்த்தினாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடி, ஃபோனை எடுத்துப் பார்த்தாள். நான்கு நாளில் கீழிருந்து ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை.

கணவன் வேலையில் மூழ்கியிருந்தான்.

“ஏங்க, மாமா அமுக்குறது எதுவுமே எனக்கு வரலை! மணி கெட்டுப்போச்சு, சீக்கிரம் பாருங்க!”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கெட்டெல்லாம் போகலை, உனக்குத் தொந்தரவுன்னு அன்னிக்கே எடுத்துட்டேன். விளக்கு எரிஞ்சாப் போதும்னு அப்பாதானே சொன்னார்?”